இங்கிலாந்தில் கொரோனர் மரண விசாரணைக்கு முதன்முறையாகச் செல்லும் குடும்பத்தினருக்கு: முழுமையான வழிகாட்டி

‘விசாரணை’ என்ற சொல் காதில் விழுந்ததும் யாரோ குற்றம் சாட்டப்பட்டிருக்கிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது. திடீர் மரணங்களை ஆராயும் அலுவலரான கொரோனரின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தவுடன் ‘எங்களைச் சந்தேகப்படுகிறார்களா?’ என்று கலங்கும் குடும்பங்களும் உண்டு. ‘இனி அந்த டாக்டருக்குத் தண்டனை நிச்சயம்’ என்று நம்பிச் செல்லும் குடும்பங்களும் உண்டு. இரண்டுமே தவறான எதிர்பார்ப்புகள். ‘இன்குவெஸ்ட்’ எனப்படும் இந்த மரண விசாரணையில் குற்றவாளிக் கூண்டு இல்லை, வழக்குத் தொடுப்பவர் இல்லை, எதிர்வாதி இல்லை. இறந்தவர் யார், எப்போது இறந்தார், எங்கே இறந்தார், எப்படி இறந்தார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை காண்பது மட்டுமே 2009ஆம் ஆண்டின் கொரோனர்கள் மற்றும் நீதிச் சட்டம் இந்த மன்றத்துக்கு இட்டிருக்கும் பணி. முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். நான்காவதான ‘எப்படி’ என்ற கேள்விக்காகத்தான் சாட்சிகள் அழைக்கப்படுகிறார்கள். குடும்பம் தன் உழைப்பையெல்லாம் செலுத்த வேண்டிய இடமும் அதுவே.

இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்தில் கொரோனர் என்ற பதவியே இல்லை. அங்கு திடீர் மரணங்களை ‘புரொக்யுரேட்டர் ஃபிஸ்கல்’ என்னும் அரச சட்ட அலுவலர் ஆராய்கிறார். வட அயர்லாந்தில் கொரோனர்கள் உண்டு, ஆனால் சட்டம் வேறு. இலங்கையிலிருந்து வந்தவர்கள் திடீர் மரண விசாரணை அதிகாரியையும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் காவல் நிலைய மரண விசாரணையையும் ஆர்.டி.ஓ. விசாரணையையும் மனதில் வைத்துக்கொண்டு இதை அணுகினால் குழப்பமே மிஞ்சும். இங்கு கொரோனர் காவல்துறையின் கிளை அல்லர். தனித்து இயங்கும் நீதித்துறை அலுவலர். 1194ஆம் ஆண்டு முதலாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில் தோன்றிய பதவி இது.

எந்த மரணம் கொரோனரிடம் செல்கிறது

வன்முறையாலோ இயற்கைக்கு மாறாகவோ நேர்ந்த மரணம், காரணம் தெரியாத மரணம், சிறை, காவல் நிலையம், மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்படுதல் போன்ற அரசின் தடுப்பில் இருந்தபோது நேர்ந்த மரணம் ஆகியவற்றை விசாரிப்பது கொரோனரின் கடமை. வீதி விபத்து, வேலைத்தள விபத்து, தற்கொலை என்று ஐயுறப்படும் மரணம், அறுவைச் சிகிச்சையின் பின் எதிர்பாராமல் நேர்ந்த மரணம் ஆகியவை வழக்கமாக இந்த வகைக்குள் வரும். 2024 செப்டம்பர் 9 முதல், கொரோனரிடம் செல்லாத எல்லா மரணங்களையும் மருத்துவப் பரிசோதகர் என்னும் மூத்த மருத்துவர் ஒருவர் பார்வையிட்டாக வேண்டும். சிகிச்சையில் ஐயம் இருந்தால் அவரிடம் சொல்லலாம், அவர் கொரோனருக்கு அறிவிப்பார். குடும்பமே நேரடியாகக் கொரோனர் அலுவலகத்துக்கு எழுதுவதற்கும் தடையில்லை. ஆனால் உடலைத் தகனம் செய்யும் முன்பே எழுதிவிட வேண்டும். தாமதித்தால் ஆராய்வதற்கு எதுவும் எஞ்சாது.

முதல் நாட்கள்: உடலும் ஈமக்கடனும்

உங்களுடன் முதலில் பேசுபவர் பெரும்பாலும் கொரோனராக இருக்கமாட்டார். ‘கொரோனர் அலுவலர்’ என்ற பணியாளராக இருப்பார். அடுத்து வரும் மாதங்களில் உங்களுக்கும் மன்றத்துக்கும் இடையிலான பாலம் அவர்தான். அவருடைய பெயர், நேரடித் தொலைபேசி எண், மின்னஞ்சல், வழக்குக் குறிப்பு எண் ஆகியவற்றை முதல் அழைப்பிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசியவற்றை அன்றே ஒரு சிறு மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பி வைப்பது நல்ல பழக்கம்.

பிரேத பரிசோதனைக்குக் கொரோனர் உத்தரவிட்டால் அதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. நம்மவர்களுக்கு ஏற்க மிகக் கடினமான செய்தி இதுதான். ஆயினும் உடலை அறுக்க வேண்டாம் என்ற மனக்குறையைத் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு. சில பகுதிகளில் கட்டணம் செலுத்தி சி.டி. ஸ்கேன் மூலம் பரிசோதிக்கும் வாய்ப்பும் உண்டு. அது எல்லா மரணங்களுக்கும் பொருந்தாது என்றாலும், கேட்காமல் யாரும் தாமாக முன்வந்து தரமாட்டார்கள். சமயக் காரணத்தால் உடல் விரைவில் வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வந்த வரிசைப்படியே பார்ப்போம், எந்தச் சமயத்தவருக்கும் முன்னுரிமை இல்லை என்று லண்டனில் ஒரு கொரோனர் வகுத்த கொள்கை சட்டவிரோதமானது என்று 2018இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பரிசோதனையின்போது எடுக்கப்படும் திசு மாதிரிகளைப் பின்னர் என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்பார்கள். உடலுடன் சேர்த்தே தகனம் செய்ய விரும்பினால், அதனால் தகனம் தள்ளிப்போகுமா என்பதைக் கேட்ட பிறகு பதில் சொல்லுங்கள்.

விசாரணை முடியும்வரை உடலை வைத்திருப்பார்கள் என்ற அச்சம் தேவையற்றது. இன்குவெஸ்டைக் கொரோனர் முறைப்படி ‘திறந்து’ வைப்பார். இறந்தவர் யார் என்பதை உறுதிசெய்து, சில நிமிடங்களில் ஒத்திவைப்பார். குற்ற வழக்கு எழக்கூடிய மரணங்கள் தவிர மற்றவற்றில் உடல் விரைவிலேயே விடுவிக்கப்படும். 28 நாட்களுக்குள் விடுவிக்க முடியாவிட்டால் அதற்கான காரணத்தைக் குடும்பத்துக்குக் கொரோனர் அறிவிக்க வேண்டும். தகனத்துக்கான படிவத்தைக் கொரோனர் அலுவலகமே ஈமச்சடங்கு நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். உடலை யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கொண்டுசெல்ல விரும்பினால், இங்கிலாந்துக்கு வெளியே எடுத்துச் செல்வது பற்றிக் கொரோனருக்கு முன்னறிவித்தல் கொடுத்து அவருடைய பதிலைப் பெற்றாக வேண்டும். விமானச் சீட்டை அதன் பிறகே வாங்குங்கள்.

முழுமையான மரணச் சான்றிதழ் விசாரணை முடிந்த பின்பே கிடைக்கும். அதுவரை ‘இடைக்கால மரணச் சான்றிதழ்’ ஒன்றைக் கொரோனர் தருவார். வங்கிகளும் ஓய்வூதிய நிறுவனங்களும் பொதுவாக அதை ஏற்கும். சொத்து நிர்வாக அனுமதிக்கும் அதைக் கொண்டே விண்ணப்பிக்கலாம். ஆயுள் காப்புறுதி நிறுவனங்களில் சில மட்டும் இறுதி முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்லும்.

குடும்பம் என்று சட்டம் யாரைச் சொல்கிறது

இது நம்முடைய உறவுமுறைகளோடு மோதும் இடம். ஆவணங்களைப் பெறவும் சாட்சிகளிடம் கேள்வி கேட்கவும் உரிமை உடையவர்களைச் சட்டம் ‘அக்கறையுள்ள தரப்பினர்’ என்று அழைக்கிறது. கணவன் அல்லது மனைவி, துணைவர், பெற்றோர், பிள்ளைகள், சகோதர சகோதரிகள், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளைகள், சகோதர சகோதரிகளின் பிள்ளைகள், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான சகோதர சகோதரிகள் ஆகியோர் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். இறந்தவரின் சித்தப்பாவும் மாமாவும் அத்தையும் மச்சானும் ஒன்றுவிட்ட அண்ணனும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நம் குடும்பங்களில் ஓடியாடிக் காரியம் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான். அப்படி ஒருவர் குடும்பத்துக்காகப் பேச வேண்டுமானால், அவருக்குப் போதிய அக்கறை உண்டு என்று விளக்கிக் கொரோனரின் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களையும் ஏற்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. குடும்பத்துக்குள் பிளவு இருந்தால், எடுத்துக்காட்டாக மனைவி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால், இருவருமே தனித்தனியாக உரிமையுள்ள தரப்பினர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆவணங்களைக் கேட்டு வாங்குதல்

விசாரணை மரணம் அறிவிக்கப்பட்ட 6 மாதங்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், முடிக்கப்பட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் சிக்கலான மரணங்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. அந்தியேட்டி முடிந்து, ஆண்டுத் திவசமும் கடந்த பிறகு அந்த நாள் வருவதுண்டு. சற்றே ஆறத் தொடங்கிய புண்ணை அது மீண்டும் கிளறும் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

இந்த இடைக்காலத்தைச் சும்மா கழிக்கக்கூடாது. பிரேத பரிசோதனை அறிக்கை, நச்சியல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், காவல்துறை அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்டால் கொரோனர் தர வேண்டும். விசாரணை முடிவதற்கு முன் இதற்குக் கட்டணம் இல்லை. ‘கேட்டால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மருத்துவமனையில் நேர்ந்த மரணமானால், அந்த மருத்துவமனை தானாக நடத்திய உள்ளக விசாரணையின் அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவக் குறிப்பேடுகளை மருத்துவமனையிடமிருந்து நேரடியாகப் பெறவும் 1990ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, இறந்தவரின் சொத்து நிர்வாகிக்கு உரிமை தருகிறது.

பிரேத பரிசோதனை அறிக்கையைத் தனியே, இரவில், கைபேசித் திரையில் திறந்து வாசிக்காதீர்கள். உறுப்புகளின் எடை முதல் எல்லாவற்றையும் உணர்ச்சியற்ற மொழியில் எழுதியிருப்பார்கள். குடும்ப மருத்துவரோ மருத்துவம் தெரிந்த நண்பரோ முதலில் வாசித்துச் சொல்வது நல்லது. இறப்புக்கான காரணம் 1a, 1b, 1c, 2 என்று பிரித்து எழுதப்பட்டிருக்கும்: 1a நேரடிக் காரணம், 1b அதற்கு இட்டுச்சென்றது, 1c அதற்கும் அடிப்படையானது, 2 என்பது துணைநின்ற பிற நோய்கள். இந்த நான்கு வரிகளில் உங்களுக்கு எது புரியவில்லையோ அதிலிருந்துதான் உங்கள் கேள்விகள் பிறக்கும்.

கேள்விகளை எழுதுதல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டுமே வாசிக்க நேரம் இருக்குமானால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். மன்றத்தில் நீங்கள் உரையாற்ற முடியாது. நடந்தவை பற்றி எந்தத் தரப்பும் கொரோனருக்கோ, பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழுவான ஜூரிக்கோ வாதவுரை நிகழ்த்தக்கூடாது என்று இன்குவெஸ்டுகளுக்கான 2013ஆம் ஆண்டின் விதிகள் தடுக்கின்றன. மன்றத்தில் வாதாடுவதற்குப் பெரும் பணம் வாங்கும் வழக்கறிஞரான பாரிஸ்டருக்கும் இதே தடை உண்டு. ஆகவே உங்கள் கையிலிருக்கும் ஒரே கருவி கேள்வி.

முதலில் ஒரு காலவரிசையை எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே, யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை உங்கள் நினைவிலிருந்தும், கைபேசி அழைப்புப் பதிவுகளிலிருந்தும், வாட்ஸ்அப் செய்திகளிலிருந்தும் திரட்டுங்கள். பிறகு அதை ஆவணங்களுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாத இடங்களிலும், ஆவணம் மௌனமாக இருக்கும் இடங்களிலும் கோடிடுங்கள். குடும்பத்தின் நினைவுதான் எப்போதும் சரி என்று கொள்ள வேண்டாம். அதிர்ச்சியில் இருந்தவர்களின் மணிக்கணக்கு பிழைப்பது இயல்பு.

அடுத்து, கோபத்தைக் கேள்வியாக மாற்ற வேண்டும். ‘எங்கள் அப்பாவை ஏன் சாக விட்டீர்கள்?’ என்பது கேள்வியன்று, குற்றச்சாட்டு. கொரோனர் அதை அனுமதிக்கமாட்டார். ‘இரவு 10 மணிக்கு எடுக்கப்பட்ட இரத்தப் பரிசோதனையின் முடிவை நீங்கள் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? பார்த்தபின் யாருக்குத் தெரிவித்தீர்கள்? அப்போது பணியிலிருந்த மூத்த மருத்துவர் யார்? அவர் எப்போது வந்தார்?’ என்று கேட்டால் சாட்சி விடை சொல்லியே ஆக வேண்டும், அந்த விடைகளை அடுக்கிப் பார்த்தால் தாமதம் தானே தெரிந்துவிடும். ஒரு கேள்வியில் ஒரு விடயம் மட்டுமே இருக்கட்டும். நேரமும் செயலும் கேட்கும் கேள்விகள் வலிமையானவை. எண்ணமும் நோக்கமும் கேட்கும் கேள்விகள் எளிதில் நழுவிவிடும். ஒவ்வொரு சாட்சிக்கும் தனித் தாள் வைத்து, முதன்மையான கேள்வியை மேலே எழுதுங்கள். நேரம் குறைந்தால் கீழே உள்ளவை விடுபட்டாலும் பாதகமில்லை.

இந்தக் கவலைகளின் சுருக்கத்தைக் கொரோனருக்கு முன்கூட்டியே அனுப்புவதும் அவசியம். விசாரணையின் எல்லை எதுவரை, யாரைச் சாட்சியாக அழைப்பது, ஜூரி வேண்டுமா, வெளி நிபுணர் வேண்டுமா என்பவை சிக்கலான மரணங்களில் ‘முன்னாய்வு அமர்வு’ என்ற கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். அந்த அமர்வுக்குச் செல்லாமல் விடாதீர்கள். சர்ச்சையில்லாத சாட்சியத்தை எழுத்திலேயே ஏற்கும் அதிகாரமும் கொரோனருக்கு உண்டு; யாரேனும் ஒருவர் நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தால், அவருடைய வாக்குமூலத்தை வாசித்து முடிப்பதற்கு நீங்கள் உடன்படவில்லை என்பதைக் காரணத்துடன் முன்னரே எழுதுங்கள்.

சட்டத்தரணி வேண்டுமா

சட்டத்தரணி இல்லாமலும் குடும்பம் கலந்துகொள்ளலாம். எளிய விசாரணைகளில் தேவையும் இராது. ஆனால் மறுபக்கத்தில் மருத்துவமனைக்கும் காவல்துறைக்கும் சிறைக்கும் தனித்தனி பாரிஸ்டர்கள் அமர்ந்திருக்கும்போது குடும்பம் தனியே நிற்பது சமமான நிலையன்று. அரசின் காவலில் நேர்ந்த மரணம், ஜூரி அமரும் விசாரணை, கடுமையான சிகிச்சைக் குறைபாடு என்று ஐயம் உள்ள மரணம் ஆகியவற்றிலாவது சட்ட ஆலோசனை பெறுங்கள் என்பது என் கருத்து. மன்றத்தில் ஆஜராவதற்கான அரச சட்ட உதவி விதிவிலக்காகவே கிடைக்கிறது. உயிர்வாழும் உரிமை சார்ந்து அரசின் பொறுப்பு எழும் வழக்குகளில் அதற்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஜனவரி முதல், அத்தகைய விண்ணப்பங்களுக்குக் குடும்பத்தின் வருமானம் தடையாகக் கருதப்படுவதில்லை. 1981இல் தொடங்கப்பட்ட ‘இன்குவெஸ்ட்’ என்ற தொண்டு அமைப்பு அரசின் காவலில் நேர்ந்த மரணங்களிலும், ‘ஏ.வி.எம்.ஏ.’ என்ற அமைப்பு மருத்துவம் சார்ந்த மரணங்களிலும் குடும்பங்களுக்கு உதவுகின்றன.

காலவரம்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகளும், மனித உரிமைச் சட்டத்தின் கீழான வழக்குக்கு ஓராண்டும் மட்டுமே உண்டு. மரண விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தாலும் இந்தக் கடிகாரங்கள் நிற்பதில்லை.

புறப்படுவதற்கு முந்தைய வாரம்

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதையும் குறிப்பிடுவது பயன் தரும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தந்தையின் இறுதி நிமிடங்களைத் தாய்க்கு மொழிபெயர்க்கும் சுமையை எந்தப் பிள்ளை மீதும் ஏற்றக்கூடாது. அவளுக்கும் அழுவதற்கு உரிமை உண்டு.

இறந்தவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாசிக்கவும், அவருடைய படத்தை வைக்கவும் அனுமதி கேளுங்கள். பல கொரோனர்கள் இதை மனமுவந்து ஏற்கிறார்கள். ‘57 வயது ஆண்’ என்று ஆவணங்களில் இருப்பவர் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளியில் கற்பித்தவர் என்பது அந்த அறையிலுள்ள எல்லோருக்கும் அப்போதுதான் தெரியும்.

ஊரிலிருக்கும் உறவினர்கள் காணொலி வழியே பார்க்க விரும்பினால் அதற்கும் கொரோனரின் அனுமதி தேவை. வாட்ஸ்அப் குழுவுக்கு நேரலை அனுப்புவது என்ற எண்ணமே வேண்டாம்: மன்றத்தில் படம் எடுப்பது குற்றம், அனுமதியின்றி ஒலிப்பதிவு செய்வது நீதிமன்ற அவமதிப்பு. விசாரணையை மன்றமே ஒலிப்பதிவு செய்யும். அதன் பிரதியைப் பின்னர் சிறு கட்டணத்துடன் கேட்டுப் பெறலாம், ஆனால் வெளியிடக்கூடாது.

அன்றைய நாள்

அரை மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள். கொரோனர் மன்றம் சில ஊர்களில் தனிக் கட்டடமாகவும், வேறு ஊர்களில் நகர மண்டபத்தின் ஒரு அறையாகவும் இருக்கும். ஆடை ஒழுங்காக இருந்தால் போதும். கறுப்போ வெள்ளையோ அணிய வேண்டிய கட்டாயம் இல்லை. பல மன்றங்களில் ‘கொரோனர் மன்ற ஆதரவுச் சேவை’ என்ற அமைப்பின் தொண்டர்கள் வாசலிலேயே வந்து பேசுவார்கள். அறையைக் காட்டுவார்கள், தண்ணீர் தருவார்கள், விரும்பினால் பக்கத்தில் அமர்வார்கள். சட்ட ஆலோசனை தரமாட்டார்கள். குடும்பத்துக்குத் தனி அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் உறவினருக்குச் சிகிச்சையளித்த மருத்துவரும் நீங்களும் ஒரே தேநீர் இயந்திரத்தின் முன் நிற்க நேரலாம்.

விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது. அறியாதவர்கள் சிலர் பின்வரிசையில் இருப்பார்கள். அவர்களில் செய்தியாளரும் இருக்கலாம். அவர் உங்களிடம் பேச வந்தால் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை. பேச விரும்பினால் எழுதி வைத்த நான்கு வரிகளைக் கொடுப்பது, கலங்கிய நிலையில் பேசுவதைவிடப் பாதுகாப்பானது.

கொரோனர் நுழையும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அவரை ஆணானால் ‘சேர்’ என்றும் பெண்ணானால் ‘மேம்’ என்றும் அழைப்பது வழக்கம். அவர் விசாரணையின் நோக்கத்தை விளக்கி, எழுத்துச் சாட்சியங்களை வாசித்து, சாட்சிகளை ஒவ்வொருவராக அழைப்பார். பெரும்பாலான விசாரணைகளில் ஜூரி இல்லை. அரசின் தடுப்பில் நேர்ந்த இயற்கைக்கு மாறான மரணம், காவல்துறையினரின் செயலால் நேர்ந்த மரணம், அறிவிக்கப்பட வேண்டிய வேலைத்தள விபத்து போன்றவற்றில் 7 முதல் 11 பேர் வரையிலான ஜூரி அமரும்.

ஒவ்வொரு சாட்சியையும் முதலில் கொரோனர் கேட்பார், பிறகு குடும்பம் உள்ளிட்ட தரப்பினர் கேட்பார்கள், கடைசியில் சாட்சியின் சொந்தச் சட்டத்தரணி கேட்பார். உங்கள் முறை வருவதற்குள் கொரோனரே உங்கள் பட்டியலில் பாதியைக் கேட்டிருப்பார். கேட்கப்பட்டவற்றைக் கோடிட்டு அழித்துக்கொண்டே வாருங்கள். விடை புரியாவிட்டால் ‘இதை எளிமையாகச் சொல்ல முடியுமா?’ என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குச் சாட்சி பதில் மறுக்கலாம் என்பதும் விதி. அப்படி மறுத்தால் அது கொரோனரின் ஒருதலைச் சார்பு என்று எண்ண வேண்டாம்.

பிரேத பரிசோதனை விவரங்களோ காணொலிகளோ வரும் நேரத்தில் வெளியே செல்ல நீங்கள் விரும்பினால், அலுவலரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அவர் சைகை காட்டுவார். எழுந்து போவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை.

நீங்களே சாட்சியாக அழைக்கப்பட்டால் அது கட்டளை; காரணமின்றி வராமல் இருந்தால் அபராதம் விதிக்கப்படலாம். உறுதிமொழியைப் பகவத் கீதை, பைபிள், குர்ஆன் ஆகியவற்றில் ஒன்றின் மீதோ, எந்த நூலும் இன்றி உறுதியுரையாகவோ எடுக்கலாம். சைவர்கள் பலருக்குக் கீதையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உறுதியுரையே போதும் என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்வதே முழுமையான விடை.

முடிவு

சாட்சியங்கள் முடிந்ததும் கொரோனர் தொகுத்துரைத்து ‘முடிவை’ அறிவிப்பார். ‘தீர்ப்பு’ என்ற பழைய சொல் இப்போது சட்டத்தில் இல்லை. விபத்து, இயற்கைக் காரணம், வீதி மோதல், தொழில் சார்ந்த நோய், மதுபானம் அல்லது போதைப்பொருள் சார்ந்தது, தற்கொலை, சட்டவிரோதக் கொலை, சாட்சியம் போதாதபோது ‘திறந்த முடிவு’ என்று சுருக்க வடிவங்கள் உண்டு. ஒரு சொல்லில் அடங்காதவற்றுக்குச் சில பத்திகளில் ‘விவரண முடிவு’ எழுதப்படும். பெயர் சொல்லி எவர் மீதும் குற்றப் பொறுப்போ, எவர் மீதாயினும் குடியியல் பொறுப்போ சுமத்துவதாக அது அமையக்கூடாது. ஆயினும் அடிப்படைக் கவனிப்பே மறுக்கப்பட்டு அது மரணத்துக்குக் காரணமாயிற்று என்று காணப்பட்டால், ‘புறக்கணிப்பு’ என்ற சொல்லைச் சேர்க்க இடமுண்டு. மிக அரிதாகவே அது சேர்க்கப்படுகிறது.

தற்கொலை என்ற சொல் வந்துவிடக்கூடாது என்று நம் குடும்பங்கள் கெஞ்சுவதுண்டு. தங்கையின் திருமணம், ஊராரின் வாய், கோயிலில் திரும்பிப் பார்க்கும் கண்கள் என எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருப்பதாகத் தோன்றும். 2020இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் மோகன் (Maughan) வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, தற்கொலை முடிவுக்கும் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் தேவையில்லை, ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதே கூடுதலாக நிகழத்தக்கது’ என்ற அளவே போதும். எனவே அந்தச் சொல் வரக்கூடும் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு செல்லுங்கள். இங்கிலாந்தில் 1961 முதல் தற்கொலை குற்றமும் அன்று. அந்தரங்கக் கடிதங்கள் இருந்தால், அவற்றை உரக்க வாசிக்காமல் தவிர்க்கும்படி முன்கூட்டியே கேட்கலாம். இந்த நாட்களில் உங்களுக்கே மனம் தாங்காவிட்டால், சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

அதற்குப் பிறகு

எதிர்கால மரணங்களைத் தடுக்க நடவடிக்கை தேவை என்று கொரோனர் கருதினால், உரிய நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பும் கடமை அவருக்கு உண்டு. பெறுபவர் 56 நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். அறிக்கையின் பிரதி உங்களுக்கும் வரும். எந்த மாற்றம் வேண்டும் என்பதை விசாரணையின் இறுதியில் சொல்ல வாய்ப்புக் கேளுங்கள். என் பார்வையில், குடும்பம் இந்த மன்றத்திலிருந்து பெறக்கூடியவற்றுள் ‘முடிவு’ என்ற ஒரு வரியைவிட இதுவே பெரிது.

மேன்முறையீடு என்று ஒன்று இல்லை. முடிவு சட்டப்படி சரியா என்று உயர் நீதிமன்றம் பார்க்கும் நீதிமுறை மறுஆய்வுக்கு விண்ணப்பிப்பதானால் தாமதமின்றி, அதிகபட்சம் 3 மாதங்களுக்குள் செய்ய வேண்டும். புதிய சான்று கிடைத்தால், அரசின் தலைமைச் சட்ட அலுவலரான சட்டமா அதிபரின் அனுமதியுடன் 1988ஆம் ஆண்டின் கொரோனர்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் சென்று புதிய விசாரணை கேட்கலாம். இதற்குக் காலவரம்பு இல்லை. தென்கிழக்கு லண்டனில் 2013இல் ஆஸ்துமாவால் இறந்த 9 வயதுச் சிறுமி ‘எல்லா’ (Ella) அடூ-கிஸ்ஸி-டெப்ராவின் முதல் விசாரணை 2014இல் முடிந்தது. அதில் காற்று மாசு பேசப்படவே இல்லை. அவருடைய தாய் ரோசமண்ட் விடவில்லை. நிபுணர் ஒருவரின் புதிய அறிக்கையைக் கொண்டு 2019இல் பழைய முடிவு நீக்கப்பட்டது. 2020 டிசம்பரில், காற்று மாசும் மரணத்துக்குக் காரணமாக நின்றது என்று இரண்டாவது விசாரணை கண்டறிந்தது. ‘எப்படி’ என்ற கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டதால் கிடைத்த விடை அது.

மரணத்தைப் பதிவு செய்ய நீங்கள் பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. கொரோனரே விவரங்களை அனுப்பிவிடுவார். அவர் அனுப்புவதற்கு முன் பெயரின் எழுத்துக்கூட்டு, பிறந்த இடம், தொழில் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று மன்றத்திலேயே பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முன்னும், பிறப்புச் சான்றிதழில் பின்னுமாக இருக்கும் நம்மவர்களுக்கு, இங்கே விழும் ஓர் எழுத்துப் பிழை ஊரிலுள்ள காணியை மாற்றி எழுதும்போதுதான் தலைநீட்டும். சான்றிதழின் பிரதிகளைச் சில நாட்களில் பதிவாளரிடம் கட்டணம் செலுத்தி வாங்கலாம். வங்கிக்கும் காப்புறுதிக்கும் ஊருக்கும் தனித்தனியே தேவைப்படும் என்பதால் நான்கைந்து பிரதிகளை ஒரே தடவையில் கேளுங்கள்.